கதவுப் பச்சை

கூட்டாளிக்கு,

சூறாவளி வாகரைத் தென்னைகளைச் சாய்த்துப்போட்ட வருடம்தானே நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த லொறியை வாங்கினோம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது ஓட்டமாவடி பிரின்ட் கடை அஸ்மியா.

என் மனுசி கண்ணகை போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. தகரம் வெட்டி, நம்முடைய லொறியை ஒரு முழ நீளத்தில் செய்துவிட்டேன். கதவில் வெள்ளையில் இருந்த நம் பெயர்களை, தண்ணீரில் நனைத்து ஒட்டும் கண்ணாடித் தாளில் அடித்துத் தரும்படி அஸ்மியாவிடம் கேட்டேன். அடித்துப் பார்த்தாள், பெயரே விழவில்லை.

"வெள்ளை மை எங்கட மெசின்ல இல்ல ஐயா. வெள்ளைத் தாள்ல எழுத்தை விட்டுட்டு, சுத்திவரக் கதவு நிறத்தை அடிக்கணும். என்ன நிறம்?"

"பச்சை புள்ள."

"கிளியும் பச்சை, பாசியும் பச்சை" என்று சிரித்தாள்.

அவள் காட்டிய எந்தப் பச்சையும் எனக்கு அதுவாகத் தெரியவில்லை. லொறி எரிந்த நாளையும், அதற்குப் பிறகு நீ எங்கள் பனிச்சங்கேணிப் பக்கம் வராததையும் நான் எழுதச் சொல்லவில்லை. ஒரு தரம் இந்தக் கடைக்கு வந்து, பச்சைகளைப் பார்த்து, இதுதான் என்று விரலை வை.

பெயின்ட் பூசியவர் இப்போது உயிரோடு இல்லை. கிளீனர் சீனித்தம்பி இல்லை. கண்ணகையும் இல்லை. அந்தக் கதவைப் பார்த்தவர்களில் என்னைத் தவிர இருப்பது நீ ஒருத்தன்தான், உதுமாலெப்பை.

உன் பாதி லொறிக்காரன்