பிள்ளைக்கு வாங்கிய டேப்லெட்

ஆவணி 14, சனி

ஜாக்கெட் தைக்க வருகிறவர்களுக்கு டிசைன் காட்ட ஒரு டேப்லெட் வாங்க எட்டு மாதம் சேர்த்தேன். ஒன்பதாயிரம் தேறியது. விவரம் தெரிந்த ஆள் கூட இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்ல, நாத்தனார் கணவர் ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பிள்ளை படிக்கிறதுக்கா சார்?” என்று அவரிடம் கேட்டார்.

“ஆமா, பிள்ளைக்குத்தான். சும்மா கம்மி விலையில ஒண்ணு காட்டுங்க.”

என் பிள்ளை கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

“எனக்குத்தாண்ணே” என்றேன்.

“செத்த நேரம் பேசாம இரு தங்கச்சி. தொழிலுக்குன்னு தெரிஞ்சா வெலயக் கூட்டிருவாங்க.”

நான் பெரிய திரை கேட்டேன். அவர் சின்னதை எடுத்தார். எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்தாராம். தன் மெயில் ஐடியைப் போட்டு அங்கேயே திறந்தும் கொடுத்தார்.

இப்போதுதான் உள்ளே பார்க்கிறேன். அவர் போனில் இருக்கும் படமெல்லாம் இதில் வந்து கிடக்கிறது. பழனியில் மொட்டை போட்ட முகம் மட்டும் நாற்பது இருக்கும். டிசைன் கேட்கிறவளுக்கு நான் இதையா காட்டுவது?

ஒன்றை அழிக்கப் போனேன். இங்கே அழித்தால் அவர் போனிலும் போய்விடும் என்று வந்தது. செத்த நேரம் யோசித்தேன்.

இருபத்தாறு அழித்தாயிற்று. காலையில் போன் செய்வார். செய்யட்டும்.

“பிள்ளைதாண்ணே எதையோ அமுக்கிருச்சு” என்பேன்.