நூற்று இருபத்தைந்துக்குக் கீழே

சிக்கல்
ராமநாதபுரம் மாவட்டம்
12.1.2025

அன்புள்ள ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

மகேஸ்வரி எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. “நடிக்காதடி” என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம். அபுதாபிக்குத் திரும்பும் வேல்சாமி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ராமநாதபுரத்தில் எடுத்த இருதய ஹார்மோன் டெஸ்ட்டில் 104 வந்தது. 125-க்குக் கீழே என்றால் நார்மல் என்று அங்கேயும் சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த வாக்கில் தூங்குகிறேன். சாயங்காலம் கணுக்காலை அமுக்கினால் குழி விழுகிறது.

போன வாரம் போன் ஸ்பீக்கரில் இருந்தபோது, “அவளுக்கு ஒண்ணுமில்லய்யா, சோம்பேறித்தனம்” என்று உங்கள் அய்யாவிடம் சொன்னீர்கள். மிளகாய் பறிக்க வந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அன்றிலிருந்து மாமா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
மகேஸ்வரி

அபுதாபி
29.1.2025

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

வேல்சாமி கடிதம் தந்தான். இங்கே ஆஸ்பத்திரி லேபில் அதே டெஸ்ட்டை ஓட்டும் மெஷினில் பதினோரு வருஷமாக நிற்கிறவன் நான். இருதயம் திணறினால் அந்த ஹார்மோன் ஏறும். உனக்கு ஏறவில்லை. மெஷினுக்கு உன்மேல் என்ன கோபம்?

எண்பத்தாறு கிலோ இருந்தால் யாருக்கும் மூச்சு வாங்கும். சோற்றைக் குறை, நட. பறிப்பு நேரத்தில் அய்யாவைத் தனியாக விட்டுவிட்டு மதுரைக்குப் போகாதே. எல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்
வீரமணி

முதுகுளத்தூர்
2.3.2025

ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

நான் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பிப்ரவரி பதினெட்டாம் தேதி மிளகாய்க் காட்டில் விழுந்துவிட்டேன். பெண்கள்தான் நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். “வெயிலுதான், எந்திரிம்மா” என்றார் மாமா. ஜெயப்பிரியா ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்து, யாரிடமும் கேட்காமல் என்னை மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன் என் காலை அமுக்கிப் பார்த்தார். எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தார். “இருதயம் வெறச்சுப் போயிருக்கு. சுருங்குது, ஆனா சரியா விரிஞ்சு ரத்தத்த வாங்க மாட்டேங்குது. நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. யாரும்மா உங்கள வீட்டுக்கு அனுப்புனது?” என்றார்.

“எனக்கு 104 தான்ங்க, நார்மல்னாங்க” என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “உடம்பு கனமா இருந்தா இந்த ஹார்மோன் கம்மியாத்தான் காட்டும். ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் மாறவும் செய்யும். அமெரிக்காவுல வெள்ளைக்காரங்களவிடக் கறுப்பினத்தவங்களுக்குக் கம்மியா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம சனங்கள அந்த அளவுக்கு யாரும் சோதிச்சுப் பாக்கல. ஆனா 125-ங்கற கோடு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு!”

எங்கேயோ இருக்கிறவர்களின் ரத்தத்தைப் பார்த்துப் போட்ட கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். கோடு போட்டவர்களுக்கு என்னைத் தெரியாது, போகட்டும். என்னைக் கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆன உங்களுக்குமா தெரியாது? உடம்புக்கு முடியவில்லை என்று என்றைக்காவது நான் வேலைக்குப் போகாமல் படுத்தேனா? காய்ச்சலோடு களை எடுத்தவள்தானே நான்? மெஷினுக்குக் கோபம் இல்லை, சரி. உங்களுக்குக் கண் இல்லையா, காது இல்லையா?

நீர் இறங்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் நாலு கிலோ நீரே இறங்கிவிட்டது. இப்போது படுத்துத் தூங்குகிறேன்.

சிக்கலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டாம்.

மகேஸ்வரி

அபுதாபி
20.3.2025

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

உன் கடிதத்தில் இருந்ததை இங்குள்ள இருதய டாக்டரிடம் சொன்னேன். அவர் சூடான் நாட்டுக்காரர். “எங்க ஊர்க்காரங்களையும் இந்த நம்பர் ஏமாத்திருக்கு. ஆளைப் பார்க்காம நம்பரை மட்டும் பார்த்தா இப்படித்தான்” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

போன வருஷம் துப்புரவு வேலை செய்யும் ஓர் எத்தியோப்பியப் பெண், இதே டெஸ்ட் ரிப்போர்ட்டோடு எங்கள் லேப் கவுன்டரில் வந்து நின்று, “உண்மையிலேயே ஒன்றுமில்லையா?” என்று மூன்று தடவை கேட்டாள். நார்மல் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன். நேற்று அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் பெயரில் எந்த டெஸ்ட்டும் இல்லை. என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அய்யாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, காட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்க, “நான் சொன்னது தப்புய்யா, அவளுக்கு நெசமாவே இருதயத்துல நோவு” என்றேன். அதற்கு அய்யா, “ஏலே, இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்ட சொல்லு” என்றார்.

உன்னிடம் சொல்கிறேன். தப்பு என்னுடையது. மே மாதம் லீவு கிடைத்திருக்கிறது. நான் வரும்போது நீ சிக்கலில் இருப்பாயா?

வீரமணி

முதுகுளத்தூர்
11.4.2025

ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் போனேன். என்னை வீட்டுக்கு அனுப்பிய டாக்டரின் மேசையில் வைத்து, “அடுத்து வாரவ காலையாச்சும் அமுக்கிப் பாருங்க சார்” என்றேன். அவர் நிமிராமலே “சரிம்மா” என்றார். அந்தச் “சரிம்மா”வை நினைத்தால் இன்னும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வெளியே வரிசையில் இருந்த ஒரு பெண், சேலையைக் கொஞ்சம் தூக்கி, “எனக்கும் இப்பிடித்தான்க்கா வீங்குது” என்று காட்டினாள். மதுரை டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

மே மாதம் வாருங்கள். சிக்கலுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். பஸ் ஏறி நேரே முதுகுளத்தூருக்கு வாருங்கள். எனக்கு என்ன செய்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மகேஸ்வரி