டியூக்கும் ஒரு மரண அறிவித்தலும்

அண்ணை,

போன சனிக்கிழமை ஸ்காபரோ வெக்ஸ்போர்ட்டில், என் அச்சுக்கடைக்கு இரண்டு கதவு தள்ளியிருக்கும் மரக்கறிக் கடையில் பச்சைப் பட்டாணி வந்திருந்தது. உறைய வைத்த பை அல்ல. தோலோடு ஒரு பெட்டி நிறையக் குவித்திருந்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவுடன் ஒரு காயை உடைத்து மணந்து பார்த்தேன். பிறகு நாலு காயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று வேறு யாருக்கும் விளங்காது.

"அந்த டியூக்கைப் பிடிக்கேக்கை பொக்கற்றுக்குள்ளை என்ன கிடந்தது தெரியுமோ தங்கச்சி? பட்டாணி. இங்கிலாந்துக்கு ராசாவாகப் போறன் எண்டு வெளிக்கிட்டவர், வாய்க்காலுக்குள்ளை படுத்துக்கிடந்து பச்சைப் பட்டாணி திண்டிருக்கிறார்." இதை நீங்கள் எனக்கு இருபது தரமாவது சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு தரமும் அன்றுதான் கேள்விப்பட்டதுபோல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உங்கள் கதிரையில் இப்போது காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு ஒரு விசயம் நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதன்முதலில் நீங்கள் என் கடைக்குள் வந்ததே சண்டைக்குத்தான். கையில் நான் அடித்த கலியாணக் கார்ட். "இதிலை மூண்டு பிழை இருக்கு. ஆர் பாத்தது?" நான்தான் பார்த்தேன் என்றேன். "அப்ப நீர் பாக்கேல்லை," என்றீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மூன்றும் பிழைதான். அடுத்த சனிக்கிழமை நீங்கள் திரும்பி வந்தபோது நானே கதிரை எடுத்துப் போட்டேன். கிழமை நாட்களில் டவுன்ரவுனில் ஒரு கட்டடத்துக்குச் செக்யூரிட்டி வேலை. சனிக்கிழமைகளில் என் கடையில் ஒரு தேத்தண்ணியோடு, அச்சடிக்க முதல் பிழை பார்க்கும் புரூஃப் வாசிப்பு. கடைக்கு வருகிற போகிற எல்லாருக்கும் நீங்கள் 'அண்ணை' ஆனீர்கள்.

"எழுதியிருக்கிற பிழை கண்ணிலை படும் தங்கச்சி. எழுதாமல் விட்டது படாது." இது உங்கள் வாய்ப்பாடு. மரண அறிவித்தல் என்றால் இரண்டு தரம் சொல்வீர்கள். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் செத்தவரைப் பற்றி நாலு வரி, உறவுக்காரரைப் பற்றி நாற்பது வரி. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று ஊரில் தொடங்கி லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் சுற்றிவிட்டு ரொறொன்ரோவில் வந்து நிற்கும். ஒரு சகலனின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவீட்டிலேயே கதை பேச்சு நின்றுவிடும். அதில் பெயர் இருந்தால்தான் உறவு என்ற மாதிரி.

டியூக் உங்களுக்கு அகப்பட்டது நூலகத்தில். வேலையில் வாசிக்கவென்று எடுத்த தடித்த சரித்திரப் புத்தகம். அவருடைய பெயரை நீங்கள் சொன்னதேயில்லை, எப்போதும் "டியூக்"தான். நாட்டை இழந்து அயல் நாட்டில் ஒதுங்கியிருந்த ஒரு இளவரசருக்கு ஒரு பெண்ணிடம் பிறந்த பிள்ளை. இளவரசர் பிறகு அரசராகி, பிள்ளையைத் தன்னிடம் எடுத்து, பிரபுப் பட்டங்களில் பெரிய பட்டமான டியூக் பட்டத்தையும் கொடுத்தார். மகன் என்று ஊரறியச் சொன்னார். ஆனால் அவனுடைய தாயைத் தான் கட்டவில்லை என்றும் ஊரறியச் சொன்னார். அரசிக்கோ பிள்ளை இல்லை. அந்தக் கலியாணம் நடந்திருந்தால் அடுத்த ராசா டியூக். நடக்காவிட்டால் அரசரின் தம்பி. கலியாணப் பத்திரம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறதென்று சனம் கதைத்ததாம். பெட்டியைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? எந்தக் காலத்திலையோ ஆர் ஆரைக் கட்டினால் எங்களுக்கென்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு அறியவேணும். ராசா பொய் சொன்னவரோ எண்டதில்லை கேள்வி. ஆருக்குச் சொன்னவர் எண்டதுதான். கட்டுறன் எண்டு அந்தப் பொம்பிளைக்கோ, கட்டேல்லை எண்டு நாட்டுக்கோ? நீர் சொல்லும் பாப்பம்."

பொம்பிளைக்குத்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். ஆம்பிளையளை எனக்குத் தெரியாதா. நீங்கள் மட்டும் ஒருநாளும் ஒரு பக்கமும் சாயவில்லை. அரசர் இறந்ததும் தம்பி முடி சூடியது, டியூக் சின்னக் கூட்டமொன்றோடு கடற்கரையில் வந்து இறங்கியது, ஒரு ஊர்ப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் அவருக்குக் கொடி தைத்துக் கொடுத்தது, சண்டையில் தோற்று இடையன் உடுப்பில் ஒளிந்தது எல்லாவற்றையும் சொன்னீர்கள். முடிவை மட்டும் பிறகு பிறகு என்று தள்ளிக்கொண்டே போனீர்கள்.

அப்போதுதான், மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு மார்கழி மாதம், பக்கத்து நகரம் அஜக்ஸில் இருந்து ஒருவர் தகப்பனின் மரண அறிவித்தலோடு வந்தார். தகப்பன் பெயர் சந்தியாப்பிள்ளை, வீதி வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்ற ஓவசியர். உங்கள் கடைசிப் பெயரும் சந்தியாப்பிள்ளைதான். ஆனால் கனடாவின் விண்ணப்பப் பாரங்கள் எங்கள் தகப்பன்மாரின் பெயரையெல்லாம் தூக்கிக் கடைசிப் பெயராக்கிய பிறகு ஸ்காபரோவில் சந்தியாப்பிள்ளைகளுக்கு என்ன பஞ்சம்? எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. புரூஃப் இரண்டு பிரதி எடுத்து உங்கள் மேசையில் வைத்தேன்.

பிள்ளைகளின் பெயர்கள் மூன்று. மூத்த மகன், அது வந்திருந்தவர். பிறகு ஒரு தங்கை, ஒரு தம்பி. நீங்கள் வாசித்தீர்கள். வழமையாக ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் கெதியாப் பாத்துத் தாங்கோ அண்ணை," என்றார். நீங்கள் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தீர்கள். அவரைக் காக்க வைத்தது போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ, ஒரு பிரதியை என்னிடம் நீட்டினீர்கள். "பிழை இல்லை," என்றீர்கள். தேத்தண்ணி அப்படியே ஆறிக்கிடந்தது. கையுறையை மேசையில் மறந்துவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனீர்கள்.

இரண்டு சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்து, நான் கேட்காமலே டியூக்கின் முடிவைச் சொன்னீர்கள்.

"தலை வெட்டுற அண்டைக்கு ஒரு கடுதாசி எழுதி ஒப்பம் வைச்சவராம். என்ரை தாயைத் தான் கட்டேல்லை எண்டு ராசா எனக்குச் சொன்னவர் எண்டு. இதை எழுதித் தந்திட்டன், என்ரை பிள்ளையளை இனி ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு."

"பாத்தீங்களே, அப்ப கலியாணம் நடக்கேல்லை," என்றேன் வெற்றியோடு.

"அதுதான் தெரியேல்லை. உண்மை எண்டு எழுதினவரோ, பிள்ளையளுக்காக எழுதினவரோ." கண்ணாடியைக் கழற்றினீர்கள், ஆனால் துடைக்கவில்லை. "அண்டைக்கு அஜக்ஸாலை வந்த அறிவித்தல் என்ரை ஐயான்ரை, தங்கச்சி."

மன்னாரில் வீதி வேலைக்கு வந்த ஓவசியர், கடற்கரையில் ஒரு சின்னக் கோயில், ஒரு சுவாமியார், இரண்டு சாட்சி. அங்கேதான் கலியாணம் நடந்தது. உங்கள் அம்மா சொன்னது அவ்வளவுதான். இடமாற்றம் கிடைத்து அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே வீட்டார் பேசி, ஊர் கூட்டி வேறொரு பெண்ணோடு கலியாணம் நடந்தது. மன்னார்க் கோயிலின் கலியாணப் பதிவுப் புத்தகம் யுத்தத்தோடு போய்விட்டது. இங்கே வந்த பிறகு மார்கழியில், நத்தாருக்கு நத்தார் உங்களுக்குப் போன் எடுப்பாராம். "அவர் 'சுகமோ தம்பி' எண்டுவார். நான் 'ஓம் ஐயா' எண்டுவன். வெளியாள் கேட்டா ஒரு பிழையும் பிடிக்கேலாது," என்று சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. "என்ன மனுசன் நீங்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்கடை பேரையும் போட்டிருப்பனே," என்று சத்தம் போட்டேன்.

"போட்டா? அந்த மனுசி உயிரோடை இருக்கிறா. என்ரை அம்மா பெண்சாதி எண்டால் அவ ஆர்? அந்த மூண்டு பிள்ளையளும் ஆர்? அறுபது வருசம் பூசைக்குப் போன குடும்பம்."

"உங்களுக்கு என்ன தோணுது? கலியாணம் நடந்ததோ?"

"எனக்கும் அறியத்தான் ஆசை," என்றீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உங்கள் கேள்வி யாரைப் பற்றியது என்று தெரியாமல் எத்தனை சனிக்கிழமை பகிடி பண்ணியிருக்கிறேன் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சித்திரையில் நீங்கள் போனீர்கள். மாரடைப்பு, எவரையும் கஷ்டப்படுத்தவில்லை. ஒஷாவாவில் இருந்து உங்கள் மகள் வந்து, நீங்கள் இருக்கும் கதிரையின் நுனியில் இருந்தாள். "அப்பான்ரை நோட்டீஸ் நீங்கள்தான் ரைட் பண்ணவேணும் அன்ரி. பட், அப்பப்பான்ரை பேர் போடுறதோ? அவரைப் பற்றி அப்பா நெவர் கதைச்சதே இல்லை," என்றாள். நாளைக்குச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டு, உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன்.

பொய் சொல்ல மாட்டேன், கலியாணப் பத்திரத்தைத்தான் தேடினேன். கறுப்புப் பெட்டியைத் தேடிய சனத்தை விட நான் ஒன்றும் திறமில்லை. பென்சில்கள், அழிறப்பர், பழைய கண்ணாடி, அடியில் ஒரு தாள். அந்த மார்கழி மாதத்துப் புரூஃபின் மற்றப் பிரதி. 'மூத்த மகன்' என்ற இடத்துக்கு முன்னால், விடுபட்டதைச் சேர்க்க நீங்கள் போடும் கூரைக் குறி. அதற்கு மேலே உங்கள் பெயர். எழுதிவிட்டு அழித்திருந்தீர்கள். ஆனால் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் கை உங்களுடையது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. அந்த மனிதர் ஆறடி தூரத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு அழுதேன்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியும்தானே. பழைய ஓடர்ப் பாரத்தில் அஜக்ஸ் நம்பரைத் தேடி எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லி, இன்னார் காலமாகிவிட்டார், அறிவித்தல் அடிக்கிறேன் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் உங்கள் கடைசிப் பெயரை ஒருதரம் திருப்பிக் கேட்டார். "அடிக்க முதல் நான் ஒருக்கால் பாக்கலாமோ?" என்றார்.

மகளிடம் கேட்டுவிட்டு நான் வரி எழுதினேன். 'காலஞ்சென்ற சந்தியாப்பிள்ளை, ஆரோக்கியம்மா தம்பதிகளின் அன்பு மகன்.' தம்பதிகள் என்ற சொல்லை வழமையில் யோசிக்காமல் அடித்துக்கொண்டு போவோம். அன்று விரல் நின்றது. நீங்கள் எழுதி அழித்ததை விட இது பெரிய உரிமை கொண்டாடல். இருந்தும் அடித்தேன்.

அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. தாயும் போன வருடம் போய்விட்டாராம். உங்கள் படத்தைக் கண்டதும், "இவர் இஞ்சை இருந்தவர் அல்லோ? அண்டைக்கு இவரைத்தானே நான் கெதியாப் பாருங்கோ எண்டனான்?" என்றார். நான் உங்கள் லாச்சித் தாளைச் சரித்துப் பிடித்துக் காட்டினேன்.

கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "அப்பா கடைசி நாளுகளிலை மூத்தவன் எங்கை, மூத்தவன் எங்கை எண்டு கேட்டவர். நான் கட்டிலடியிலை நிண்டு, இஞ்சை நிக்கிறன் அப்பா எண்டன். இல்லை எண்டு தலையாட்டினவர். வயசுபோன அறளை எண்டு நினைச்சம். நாங்கள் ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை."

இதைத்தான் அண்ணை உங்களுக்குச் சொல்லவேண்டுமென்று இருந்தேன். கலியாணம் நடந்ததோ இல்லையோ எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் உங்களைத் தேடினார்.

பிறகு அவர் உங்கள் அறிவித்தலை வாசித்தார். 'தம்பதிகளின்' என்ற இடத்தில் விரல் நின்றது. அந்தச் சொல்லை இருக்க விட்டால் அவருடைய அம்மாவுக்கு என்ன மிச்சம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. விரல் மெல்ல நகர்ந்தது.

"உதிலை பிழை இல்லை," என்றார். "கீழைதான் ஒரு பிழை. அண்ணைக்குச் சகோதரங்கள் மூண்டு பேர், விடுபட்டுப் போச்சு. பிள்ளையிட்டைக் கேட்டுப் போடுங்கோ."

மகளுக்குப் போன் எடுத்தேன். "அப்ப எனக்குச் சித்தப்பா, மாமி எல்லாம் இருக்கினமோ அன்ரி?" என்றாள். ஓம் என்றேன். "ஓகே, போடுங்கோ," என்றவள், போனை வைக்காமல் அவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

உங்கள் பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது யார் அறிவித்தல் கொண்டுவந்தாலும், பெயர்களை எழுதி முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறேன். "வேறை பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?" சிலருக்கு முகம் கறுக்கிறது. இந்த அன்ரிக்கு அடுத்த வீட்டு விடுப்பு அறிகிற ஆசை என்று வெளியே போய்க் கதைக்கிறார்களாம், கதைக்கட்டும். பெரும்பாலானோர் இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். எப்போதாவது ஒருவர் உடனே சொல்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரைக் கெதிப்படுத்துவதில்லை. கூரைக் குறியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.