கடைசியாருக்குப் பின்னால் யாருமில்லை

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள், அதனால் விசாரிக்கப் போவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறீர்கள். போன வாரம் முக்கால் மணி நேரம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம்கூட வரவில்லை. எனவேதான் இந்தக் கடிதம். அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன், அவளிடம் தாழ்ப்பாள் வேலை நடக்காது.

நீங்கள் சைக்கிளில் எங்களோடு வந்து நேற்றோடு ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. அன்று தண்ணீர்த்தொட்டி மேட்டில் பல் டாக்டர் தபால்காரரிடம், "மெதுவா மிதிங்கப்பா, கடைசியாருக்கு மூச்சு வாங்குது"ன்னு சொன்னது தப்புதான். அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதே இடத்தில் சைக்கிளைத் திருப்பி, விசிலையும் பம்பையும் கொண்டுவந்து என் கண்ணாடிக்கடை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நம் எட்டுப் பேருக்கும் ஒரே சட்டம்தான். கடைசியாருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பஞ்சர் ஆனவரானாலும், கால் பிடித்துக்கொண்டவரானாலும், ஒதுங்கப் போனவரானாலும், அவரைத் தாண்டிக் கடைசியாரான நீங்கள் போனதில்லை. இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கடையில், கண் பார்க்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி சைக்கிள் நிற்கிறது. வாங்கிவிட்டேன். மிதித்தால்தான் மோட்டார் கூட வரும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நேற்று கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் சுவரில் உள்ள எழுத்தை விட்டுவிட்டு சைக்கிளில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டினார். சைக்கிள் உங்களுக்குத்தான். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 6, புதன்

மச்சானுக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை உன் அக்கா என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, படிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். படித்தேன்.

எனக்கு எழுபத்தொன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அதில் எனக்கு வெட்கமில்லை. உண்மையில் கடைசியில் வருவதற்குத்தான் அதிகத் தெம்பு வேண்டும். நின்று, பஞ்சர் ஒட்டி, பிறகு விரட்டிப் பிடிக்க வேண்டும். இப்போது நான் கடைசியில் வருவது முன்னால் போக முடியாததால். இது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எனக்காக ஏழு பேர் காலை இழுத்துப் பிடித்து மிதிப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது.

பல் பிடுங்குகிறவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய் எழுத வரவில்லை. அவன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன்.

மோட்டார் வைத்த சைக்கிளில் ஏறி, "நானும் ஓட்டுகிறேன்" என்று இளித்துக்கொண்டு வரச் சொல்கிறாயா? அதை நீயே ஓட்டு.

அத்தான்


மார்ச் 11, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் நீங்கள். ஊரிலுள்ள முழங்கால்களுக்கெல்லாம் மோட்டார் வைத்துக் கொடுத்தவர். ஆறாவது மாடிக்கு லிஃப்டில் போன யாரையாவது பார்த்து, "நீ ஏறவில்லை, ஏமாற்றினாய்" என்று சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் காலுக்கு என்று வரும்போது மட்டும் மோட்டார் அசிங்கமாகிவிட்டதா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று நடந்ததைக் கேளுங்கள். தபால்காரருக்குப் பின் சக்கரம் பஞ்சர். எல்லோரும் முன்னால் போய்விட்டோம். அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, அவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அந்த மனிதர் நான்கு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். "நான் பஞ்சர் ஆனதுக்கு வருத்தப்படல. நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு ஞாயிறு இப்படிப் போனால் கூட்டம் கலைந்துவிடும். நான் கெஞ்ச மாட்டேன் என்று நினைத்தீர்களானால் தப்பு. கெஞ்சுகிறேன். வாருங்கள்.

சைக்கிளை அக்காவிடம் சொல்லி உங்கள் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். மழை பட்டால் நீங்கள்தான் பொறுப்பு.

மச்சான்


மார்ச் 20, புதன்

மச்சானுக்கு,

சைக்கிளைத் திறந்து பார்த்தேன். ஓட்ட அல்ல, பார்க்கத்தான். மோட்டார் பின் சக்கரத்துக்கு நடுவில் இருக்கிறது. யாரோ நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். மூடியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டேன். இருக்கை எனக்கு இரண்டு விரற்கடை தாழ்வாக இருந்தது, உயர்த்திக்கொண்டேன்.

பிறகு தெருமுனை வரை போனேன். பிறகு பள்ளிக்கூடம் வரை. இதற்குமேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற ஞாயிறு வருகிறேன். என் நிபந்தனைகளை எல்லோரிடமும் சொல்லிவிடு. யாரும் கைதட்டக் கூடாது. யாரும் எனக்காக மெதுவாகப் போகக் கூடாது. டாக்டர் என்னிடம் பேச வேண்டாம். விசிலையும் பம்பையும் கொண்டு வா.

உன் அக்கா இதைப் படித்துவிட்டு அடுப்படியில் பாட்டுப் பாடுகிறாள். எரிச்சலாக இருக்கிறது.

அத்தான்


மார்ச் 26, செவ்வாய்

மச்சானுக்கு,

மருத்துவமனையில் உன்னைப் பார்க்க விடவில்லை. உன் மகள், "அப்பா யாரையும் பார்க்க வேணாம்னு சொல்லிட்டாரு மாமா"ன்னாள். யாரையும் என்றால் என்னை என்று எனக்குப் புரிகிறது. உன் அக்காவை உள்ளே விட்டார்களே. இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தொட்டி மேட்டின் அடிவாரம் வரை நான் கடைசியில்தான் வந்தேன். எனக்கு முன்னால் நீ. மேடு தொடங்கியதும் மோட்டார் பொத்தானை இரண்டில் வைத்தேன், பிறகு மூன்றில். கால் வலிக்கவில்லை. நான்கு வருஷமாக அந்த மேட்டில் என் கால் வலிக்காத நாளே கிடையாது. உன் பக்கத்தில் வந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்து, "போங்க அத்தான், போங்க"ன்னாய்.

போனேன். ஐந்தில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொருவராகத் தாண்டினேன். டாக்டரைத் தாண்டும்போது மணியடித்தேன். மேட்டு உச்சியில், டீக்கடை வாசலில், எல்லோருக்கும் முன்னால் நின்று எட்டு டீ சொன்னேன். விசில் என் கழுத்தில் தொங்கியது.

ஏழு பேர் வந்து டீயை எடுத்தோம். எட்டாவது டீ ஆடை கட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மேட்டில் ஒருத்தன் பின்னால் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் இருக்க வேண்டிய நான் இங்கே டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இறங்கி வந்தபோது பால் வண்டிக்காரர் உன்னைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். மேட்டு வழியிலுள்ள சின்னப் பாலத்திலிருந்து சரிந்து, அதற்குக் கீழே இருபத்தைந்து நிமிஷம் கிடந்தாயாம். கூப்பிட்டாயா மச்சான்? அதை மட்டும் சொல். கூப்பிட்டாயா?

அத்தான்


ஏப்ரல் 8, திங்கள்

மச்சானுக்கு,

பதில் இல்லை. வீடு திரும்பிவிட்டாய் என்று தெரியும். நேற்று உன் வாசல் வரை வந்தேன். சன்னல் திரை அசைந்தது. மணியை அடிக்காமல் திரும்பிவிட்டேன். இப்போது தாழ்ப்பாள் போடுவது உன் முறை, எனக்கு அது வேண்டும்தான்.

பேட்டரி சைக்கிளைத் துணி போட்டு மூடிவிட்டேன். யாராவது கேட்டால் கொடுத்துவிடு. இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காகச் செய்த வேலையை ஒரே ஒரு நாள் விட்டேன், அந்த ஒரு நாள் உனக்கு என்று அமைந்தது. இதனால் தின்ன முடியவில்லை, தூங்க முடியவில்லை.

திட்டியாவது எழுது.

அத்தான்


ஏப்ரல் 15, திங்கள்

அத்தானுக்கு,

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மூன்று வாரம் எழுதாததற்குக் கை காரணமில்லை. கோபம்தான் காரணம்.

கூப்பிட்டேன். உங்களைத்தான் கூப்பிட்டேன். பின்னால் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். நீங்கள் முன்னால் போனதை என் கண்ணால் பார்த்த பிறகும் அப்படி நினைத்தேன். "போங்க"ன்னு சொன்னவன் நான்தான். இருந்தாலும் நீங்கள் போயிருக்கக் கூடாது அத்தான். இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது.

இனி மற்றது. கோபம் என்று எழுதினேன், பயமும் உண்டு.

போன மழைக்காலத்திலிருந்தே மேடு ஏறும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தை ஆரம்பித்தவன், முன்னால் போகிறவன், எப்படிச் சொல்வது? உங்களோடு பேச்சுக் கொடுக்கிற சாக்கில் பின்தங்கி மெதுவாக வருவேன். அதுவும் போதாமல் போனபோது, ஜனவரியில் ஒரு நாள் பல் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மேட்டுல கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. அத்தானுக்கு முடியல."

அத்தானுக்கு முடியவில்லை என்றேன். எனக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் நான் சொன்னதைத்தான் சொன்னார். அது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் ஏழு வாரம் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தபோது நான் கூடத்தில் உட்கார்ந்து, இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவர்மேல் தப்பு என்று உங்களுக்கு எழுதவும் செய்தேன்.

அந்த சைக்கிளை முதலில் எனக்குத்தான் வாங்கினேன். இருக்கை இரண்டு விரற்கடை தாழ்வாக இருந்தது என்று எழுதினீர்கள். அது என் உயரம். ஓட்டிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் முதலில் ஓட்டினால், பிறகு நானும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் பின்னால் இருந்தால் நான் எந்த இடத்திலும் நின்றுவிடலாம் என்பதும் இருந்தது. உங்களுக்காக என்று சொன்னதெல்லாம் பாதி பொய்.

என் இதயம் மெதுவாக அடிக்கிறதாம். நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள், அதற்கும் பேட்டரி உண்டு. இனி மோட்டாரைப் பற்றி வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இதைப் படித்த பிறகு என் வாசலுக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

மச்சான்


ஏப்ரல் 29, திங்கள்

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் அக்கா கேட்டாள், "என்ன எழுதியிருக்கான்?" என்று. "கை சரியாயிட்டு வருதாம்"னு சொன்னேன். நீ எனக்குச் செய்தது பெரிய அநியாயம். உன் மானத்துக்காக என் மூச்சை நீ விற்றிருக்கிறாய். அதை நான் மறப்பேன் என்று எதிர்பார்க்காதே, எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. பாலத்துக்குக் கீழே கிடந்ததை நீயும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது நாள் டாக்டரிடம் போனேன். முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னவன் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை, உன் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அது நீ வந்து உன் வாயால் சொல்ல வேண்டியது. அவர், "அதெல்லாம் விடுங்க, வாயைத் திறங்க"ன்னு சொல்லி, கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது என்று பிடுங்கிவிட்டார். கன்னத்து வீக்கம் இன்னும் முழுக்க வடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று போனோம். தபால்காரர் வந்திருந்தார். சைக்கிள்மேல் இருந்த துணியை எடுத்தேன். விசில், பம்ப், இரண்டு டியூப் எல்லாம் எடுத்துக்கொண்டேன். மேட்டில் பொத்தானை இரண்டில் வைத்தேன். வங்கி அம்மாவுக்குப் பாதி மேட்டில் சங்கிலி கழன்றது. நின்று மாட்டிக்கொடுத்தேன். மற்றவர்கள் உச்சிக்குப் போயிருந்தார்கள். அவரை முன்னால் அனுப்பிவிட்டு, மூன்றில் வைத்து மெல்லப் பின்னாலேயே வந்தேன். ஐந்தின் பக்கம் கை போகவில்லை. போக நினைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடையில் கடைசி ஆளாக இறங்கினேன். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர்.

சைக்கிள் கடைக்காரரிடம் இன்னொரு பேட்டரி சைக்கிளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இருக்கையை இரண்டு விரற்கடை தாழ்த்தி வைக்கச் சொன்னேன். மருத்துவர் எப்போது சரி என்கிறாரோ அப்போது வா. வந்து, டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அந்த ஜனவரி விஷயத்தைச் சொல். அது வரை நான் உன் வாசல் மணியை அடிக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு உன் தெரு வழியாகத்தான் போகிறோம். சன்னல் திரையை விலக்கி வை.

நாங்கள் போகும் வரிசையை நீ பார்த்தால் தெரியும். எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் அளவு இடம் விட்டுத்தான் ஓட்டுகிறேன்.

அத்தான்