வலது தோள்

ரொறன்ரோ,
ஒக்டோபர் 1985

அன்பின் கமலத்துக்கு,

இங்கே மான் வேட்டைக் காலம் வருகிறது. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முழுக்க, டூ-பிஃப்டி சவேஜா, டூ-பிஃப்டி-செவன் ரொபேர்ட்ஸா நல்லது என்றுதான் வாக்குவாதம். இரண்டும் மான் சுடும் துவக்குத் தோட்டாக்கள்; குண்டு கால் அங்குலத் தடிப்பு. ரொபேர்ட்ஸ் கொஞ்சம் வேகம், சவேஜ் கொஞ்சம் மென்மை.

“பழகிறவனுக்குச் சவேஜ்தான். மற்றதைச் சுடேக்க துவக்கு உதைச்சுத் தோள் கண்டிப்போகும்” என்று என்னோடு வேலை செய்யும் நவரட்ணம் அண்ணை சட்டையை விலக்கித் தன் வலது தோளில் இருந்த நீலத்தைக் காட்டினார்.

நான் சோற்றை மூடிவைத்துவிட்டு உம்முடைய போன கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

மகன் சைக்கிளால் விழுந்து வலது தோள் மட்டும் நீலமாகிவிட்டது, எண்ணெய் பூசுகிறேன் என்று எழுதியிருந்தீர்.

அவனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நீலம் மறைந்ததும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடும். வழிச் சோதனையில் ஆமிக்காரர் சட்டையைக் கழற்றித் தோளைத்தான் பார்ப்பார்கள். அதுவரை அந்தத் தோளில் புதிதாக நீலம் வராமல் பார்த்துக்கொள்ளும்.

உம்முடைய,
பிள்ளையின் அப்பா