தீய்ந்த வாடை

மார்ச் 3
எக்ஸ்ரே அறையில் இன்று கூட்டம். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று கத்தியே தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் ஓடி வந்தாள். "அம்மா, என் ரூம்ல ஏதோ தீயுற வாடை வருது."
போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 4
என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எரியாத வீட்டில் தீய்ந்த வாடை. அப்புறம் மெத்தையில் தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் மனநல ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். மகள் அவளைப் பார்த்ததே கிடையாது. நானும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்னே எங்கிருந்து வந்தது? ரத்தத்திலா?

மார்ச் 7
மறுபடியும் சொன்னாள்.

மார்ச் 8
என் கணவர் சிரிக்கிறார். "எட்டு வயசுப் புள்ள ஏதோ சொல்லுது. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" சைனஸ்காரர். பக்கத்தில் டயர் எரிந்தாலும் அவர் மூக்குக்கு எட்டாது.
நான்? உண்மையைச் சொன்னால், அந்த அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். எனக்கும் அந்த வாடை வந்துவிட்டால்?

மார்ச் 12
மகளை உட்காரவைத்துச் சொன்னேன். "வாடையே இல்லடா. அது உன் மனசு பண்ற வேலை. இனிமே சொல்லக் கூடாது." தலையாட்டினாள்.

மார்ச் 19
மனநல டாக்டரைப் பார்த்தேன். "குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்ல. ஆமா, வீட்டு வயரிங்கைப் பாத்தீங்களா?" எரிச்சலாக வந்தது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன சொல்கிறார்! மகள்தான் இப்போது வாடை என்று வாயே திறப்பதில்லையே.

மார்ச் 23
மகளின் கட்டிலுக்குப் பின்னால், சுவருக்குள் வயர் உருகித் தீப்பிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் வேலையில் இருந்த நேரம்; பக்கத்து வீட்டு அக்காதான் உள்ளே புகுந்து தூக்கி வந்தார். வலது கையில் தீக்காயம். புகைக்குள்ளேயே உக்காந்திருந்திருக்கா, என் தங்கம். ஏன் வெளியே வரவில்லை என்று அக்கா கேட்டாராம்.
"என் மனசு பண்ற வேலைன்னு நெனச்சேன்."
பாவி நான்.

ஏப்ரல் 30
கட்டுப் பிரித்தாயிற்று. வயரிங் முழுக்க மாற்றிவிட்டோம்.
இன்று அடுப்பில் பால் பொங்கி அடிபிடித்துவிட்டது. மகள் கதவோரம் வந்து நின்றாள். "அம்மா, வாடை வருதா? இல்ல எனக்கு மட்டுமா?"
"நிஜமாத்தான்டா. எனக்கும் வருது."
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. என் அம்மா தீய்ந்த வாடை வருது என்று சொல்லும்போதெல்லாம் நானும் அவளை இப்படித்தான் பார்ப்பேன்.