கம்பளிக்குள் வெயில்

அக்கா,

பூச்சி உருண்டை வாசம் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க நிறைந்து கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை அப்பா இன்று மத்தியானம் திறந்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, நடுவில் நான் விளக்கைச் சரித்துப் பொசுக்கிய ஓட்டை. நம் இருவரையும் ஒன்றாகச் சுருட்டி வைத்திருந்த கம்பளி.

நீ போன பிறகு அந்தப் பெட்டியில் யாரும் கை வைக்கவில்லை. இன்று வைக்க வேண்டி வந்தது தம்பியால். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். வெயில் தாங்காமல் சிமெந்துத் தரையில் மல்லாந்து கிடக்கும்போது நீதானே சொல்வாய், "நீ பேசுடி, அந்தக் காத்தாவது வரட்டும்" என்று.

காத்து இன்னும் வரவில்லை. நீ போய் இது இரண்டாவது காய்ச்சல் காலம், மழையே இல்லை. மலையில் கொழுந்து கருகிக் கிடக்கிறது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் "அங்க நல்ல குளிரா இருக்குமே" என்கிறார்கள். ஆமாம், காலண்டர் படத்தில் நல்ல குளிர். போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் 'மலையகம்' என்பதை அடித்துவிட்டு 'உலையகம்' என்று எழுதினேன். அழிக்க வந்த டீச்சர் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அப்படியே விட்டுவிட்டார். முன்பு என்றால் புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, "அடி வாங்கினியா இல்லியா, அத மொதல்ல சொல்லு" என்று கேட்டிருப்பாய். இப்போது அப்பாவிடம் சொன்னால் "ம்" என்கிறார். அவ்வளவுதான். என் பகிடிகளைக் கேட்க ஆளில்லை. அவற்றை நானே சொல்லி நானே கேட்டுக்கொள்கிறேன், சிரிப்பு வருவதில்லை.

குளிர் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகவேண்டும் என்று நீ எழும்புவாய். நான் கம்பளியை விடமாட்டேன். நீ தலையை மட்டும் வெளியே நீட்டி நெளிவாய். "அப்பா, ஓடி வாங்க, கம்பளிப்பூச்சி" என்று கத்துவேன். நீ என் காலைக் கிள்ளிவிட்டு, "பூச்சி வேலைக்குப் போகுது, வானரம் தூங்கட்டும்" என்று சொல்லி மீதிக் கம்பளியையும் என் மேலேயே போர்த்திவிட்டுப் போவாய். உன் சூடு கொஞ்ச நேரம் அதற்குள் இருக்கும். சூடு என்பது நல்ல சொல்லாக இருந்த காலம் அது.

கூரைத் தகரம் முதல் தடவை இப்படிக் காய்ந்தபோது நமக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வரிசையாக ஒட்டி நிற்கிற இந்த லயமே குளிருக்குப் பயந்து கட்டியது. இருக்கிற ஒரே சன்னலையும் அப்பா பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார். உனக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பிள்ளை பனியில் நெஞ்சுச் சளி கட்டிச் செத்துப்போனதிலிருந்து அவருக்குக் காற்று என்றாலே பயம். கூரைக்குக் கீழே நீ உரப்பைகளைப் பிரித்துத் தைத்து ஓர் உட்கூரை கட்டியிருந்தாய். பனி சொட்டாமல் இருக்கக் கட்டியது. வெயில் வந்தபோது அது வெயிலையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

நான் கதவில் கரியால் 'ஏ.சி. அறை' என்று எழுதினேன். அதற்குக் கீழே சின்னதாக, 'ஏழைச் சீவன்கள் அறை'. வேலை விட்டு வந்த நீ அதைப் படித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கரித்துண்டு எடுத்து வந்து எழுதினாய்: 'உள்ளே வானரம் உண்டு. கல் எறிய வேண்டாம்.' அது இன்னும் அழியவில்லை. அழிக்க மழையும் இல்லை.

நீ எத்தனையோ செய்து பார்த்தாய். சாக்கை நனைத்துத் தகரத்தில் விரித்தாய், திரும்பி வருவதற்குள் அது அப்பளமாகிவிட்டது. மானாப் புல்லை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கூரையில் ஏற்றினாய், ஆடிக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் போட்டது. சாமிக்காவது குளிரட்டும் என்றாய். பின்னேரங்களில் கீழே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளிப்பாய். அப்பா முனகுவார், ஈரம் ஆகாது, சளி பிடிக்கும் என்று. நான் சமைக்கிற குசினியின் சரிவுக் கூரைத் தகரத்தில் மாவைத் தட்டிப் போட்டு ரொட்டி சுட்டுக் காட்டினேன். பக்கத்துக் காம்பரா சரோஜா அத்தை அதை நம்பி, மறுநாள் தன் வீட்டு மாவையும் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வெயில் நம்மோடு விளையாடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீ போன அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பு நிழலில் தம்பிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மத்தியானத்துக்கு முன்பே மலையிலிருந்து இறங்கி வந்தாய். பாதி வேலையில் நீ வந்ததே கிடையாது. கொழுந்து இல்லாத காலம், எடை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் விழும் என்று எல்லோரையும்விட மேலே ஏறி எடுக்கிறவள் நீ. தலையில் துணி, முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, எதையும் அவிழ்க்காமல் வந்தாய். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. கையைத் தொட்டேன், அடுப்புக் கல்.

என்னைப் பார்த்து, "அம்மா, எப்ப வந்த?" என்றாய்.

அம்மா அரபு நாட்டில் யாரோ வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ பகிடி பண்ணுகிறாய் என்று நினைத்து, இப்பதான் பிளேனில் வந்து இறங்கினேன் மகளே என்று நானும் ஆடிக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை. உடம்பு நடுங்கியது.

"குளிருது" என்றாய்.

அந்த ஒரு சொல்லுக்கு நம் லயத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும் அக்கா. பிறந்ததிலிருந்து அதற்குத்தான் பதில் படித்திருக்கிறோம். தேயிலை ஸ்டோரில் இரவு வேலை முடித்துப் படுத்திருந்த அப்பா எழும்பி ஓடிவந்தார். உன்னைக் கட்டிலில் போட்டார். கதவைச் சாத்தினார். தலையில் இறுக்கித் துணி கட்டி, உள்ளங்காலில் தைலம் தேய்த்து, கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். சரோஜா அத்தை கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தது. அதோடு தன் கம்பளியையும் கொண்டுவந்தது.

"நல்லா மூடுங்கண்ணே, வேர்த்துட்டா எறங்கிரும்" என்றது.

அதனிடம் இருந்தது ஒரே கம்பளி. அதை உனக்குக் கொடுத்தது. உன்மேல் அன்பு இல்லாதவர்கள் யாராவது அன்று அந்த அறையில் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயோ என்று இப்போது யோசிக்கிறேன்.

உன் காதருகே குனிந்து, "கம்பளிப்பூச்சி" என்றேன். உன் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரித்தாய் என்றுதான் வைத்திருக்கிறேன். அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க முடியாது.

நீ வேர்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கைகால் வெட்டி இழுத்தது. ஆண்கள் எல்லாம் மலையில். நம் கம்பளியிலேயே உன்னைத் தூளி கட்டி, நடுவில் மூங்கிலைச் செருகி, முன்னால் அப்பாவும் பின்னால் நானுமாக ரோட்டுக்கு இறக்கினோம். கொழுந்து லொறி நின்றது, ஏற்றினோம். பதுளைக்குப் போகிற அந்த வளைவுகள் முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன் அக்கா. எனக்குத் தெரிந்த எல்லாப் பகிடியும் சொன்னேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன். அந்தக் காத்தாவது வரட்டும் என்று.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உன்னைப் பார்த்ததும் கம்பளியை இழுத்து எறிந்தார். தண்ணீர் ஊற்றினார்கள், காற்றாடி வைத்தார்கள், ஐஸ் கொண்டுவந்தார்கள். உனக்கு முதல் தடவையாக ஐஸ். எல்லாம் முடிந்த பிறகு அவர் அப்பாவைத் திட்டவில்லை. இது நோய்க் காய்ச்சல் இல்லை, வெயில் உள்ளே இறங்கியது என்று மெதுவாகச் சொன்னார். ஏன் போர்த்தினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"குளிரும்னு சார்" என்றார் அப்பா.



அம்மாவின் போன் பின்னேரம்தான் கிடைத்தது. வேலை நேரத்தில் அந்த வீட்டுக்காரர்கள் அதை வாங்கி வைத்துவிடுவார்களாம். அழுது முடித்து, எதைச் செய்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். பிறகு சொன்னாள், அங்கே ஒரு டிரைவர் வெயிலில் விழுந்தபோது சட்டையைக் கழற்றி வாசலிலேயே தண்ணீர் ஊற்றினார்களாம், பொழைச்சிட்டானாம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா மட்டும் இங்கே இல்லை.

இனி இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். தம்பி பள்ளிக்கூடம் விட்டுச் சந்தியிலிருந்து நடந்தே வந்தான். வாசலில் வாந்தி எடுத்தான். உடம்பு கொதித்தது. நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அந்த வாசம் வந்தது. அப்பா கம்பளியோடு நின்றார். அவருடைய கைகளுக்கு வேறு எதுவும் தெரியாது அக்கா. மனதுக்குத் தெரிந்தாலும் கைகளுக்குத் தெரியாது.

"தள்ளு பாப்பா. புள்ளைக்குக் காத்து படக்கூடாது."

"காத்து எங்கப்பா இருக்கு, படுறதுக்கு?"

"தள்ளுன்னா தள்ளு."

"ஒரு தடவ போர்த்தினது போதும்ப்பா."

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்தது. எதற்கெடுத்தாலும் வார்த்தையைத் திருப்பிப் போட்டு விளையாடுகிற வாய்க்கு, இதைத் திருப்பிப் போடத் தெரியவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. கம்பளியைப் பார்த்தார். அப்படியே கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். நான் தேசிக்காயைப் பிழிந்து உப்புப் போட்டுக் கரைத்துத் தம்பிக்குப் புகட்டினேன், துணியை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தேன். கொஞ்சம் கழித்து அப்பா எழும்பிப் போய் அலவாங்குக் கம்பியை எடுத்துவந்தார். சன்னல் பலகையின் ஆணிகளை நெம்பினார். பலகை கீழே விழுந்தது.

வெளியே இருந்த வெயில் உள்ளே இருந்த வெயிலைப் பார்க்க வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பளியை நான் எடுத்துக்கொண்டேன். நனைத்து வாசலில் தொங்கவிட்டால் வருகிற காற்றாவது ஈரமாக வரும் என்று நினைத்தேன். பீலியில் தண்ணீர் நூலாக விழுகிறது. குடங்கள் வரிசையில் நின்றன. குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் கம்பளி அலச வந்துவிட்டாள் என்று ஒரே ஏச்சு. சரோஜா அத்தையும் வரிசையில் நின்றது. "ஒனக்கு மூளை கலங்கிப் போச்சாடி" என்று தொடங்கிய அத்தை, சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. யாருக்கு என்று கேட்டது. தம்பிக்கு என்றேன். இடுப்பிலிருந்த நிறைகுடத்தை இறக்கி, கம்பளியின் மேல் சரித்தது. முழுவதையும். பிறகு வெறுங்குடத்தோடு வரிசையின் கடைசியில் போய் நின்றது.

இப்போது பொழுது சாய்கிறது. தம்பிக்கு வேர்த்திருக்கிறது. வேர்வையைப் பார்த்து இப்படிச் சந்தோசப்படுகிற குடும்பம் உலகத்தில் வேறு இருக்குமா? கண்ணைத் திறந்து, வாசலில் தொங்குகிற கம்பளி நாறுது என்று முகத்தைச் சுளித்தான், உன் தம்பி. அப்பா சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து உரப்பைத் துண்டால் அவனுக்கு விசிறுகிறார். என்னிடம் இன்னும் பேசவில்லை.

தகரம் இன்னும் சூடு இறங்கவில்லை. நாளைக்கும் காயும். நாளை மறுநாளும். பீலி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. உன்னைப் புதைத்த இடத்திலும் மண் வெடித்துக் கிடக்கிறது. அங்கேயும் ஒரு நிழல் இல்லை. ஒரு நல்ல சேதி சொல்லி முடிக்கலாம் என்று தேடிப் பார்த்தேன், என் பையில் ஒன்றும் இல்லை.

பீலியிலிருந்து மேலே ஏறும்போது ஈரக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டேன். கழுத்தை அறுத்தது, முதுகெல்லாம் தண்ணீர் வழிந்தது, பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு இதே படியில், இதே கம்பளியில் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நான் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

நீ இவ்வளவு கனமாக இல்லை அக்கா.